ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு

பத்து மணிக்கு மணி அடித்ததும் உறையைப் பிரித்தேன். முன்பெஞ்சுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் உறை மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விதிப்படிதான் பிரித்தேன். முதல் வினாத்தாளை வெளியே இழுத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. எழுத்து வேறாக இருந்தது. கேள்வியைச் சொல்லவில்லை, கேள்வியை நான் இன்னும் படிக்கவே இல்லை, எழுத்தைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துப் பழைய தாள்களை வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள் எந்த எழுத்தில் வரும், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடம் விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு என் கையெழுத்து மாதிரி தெரியும், இது அது இல்லை. இது ஒல்லி எழுத்து. கூட்டமான பஸ்ஸில் ஒருக்களித்து நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வரிக்கு வரி மூச்சுவிட இடமில்லாமல். “டீச்சர், பேப்பர்” என்று முன்பெஞ்சுப் பையன் கை நீட்டினான். கொடுத்தேன். ஒவ்வொரு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டே போனேன். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊரில், வேறொரு பள்ளிக்கூடத்தில், யாரோ ஒரு சார் இதே நிமிடத்தில் இதே தாளை இப்படியே கொடுத்துக்கொண்டு போவார், என் மகன் மகிழனும் கை நீட்டி வாங்குவான். வாங்கினதும் தாளை மேசையில் வைத்து இரண்டு கையாலும் நீவி விடுவான். நீவினால் எழுத்து அசையாமல் நிற்கும் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போதும் நினைக்கிறானோ என்னவோ, பதினைந்து வயதுப் பையன் அதையெல்லாம் அம்மாவிடம் சொல்வானா.

நான் கணக்கு டீச்சர். தமிழ்ப் பரீட்சைக்குத் தமிழ் டீச்சர்களை ஹாலுக்குள் விடமாட்டார்கள், அதனால் நான். பெற்ற பிள்ளை எழுதுகிற பள்ளிக்கூடத்துக்கும் விடமாட்டார்கள், அதனால் இங்கே. போனைக் காலையிலேயே வாங்கித் தலைமை ஆசிரியர் அறையில் பூட்டிவிட்டார்கள். முதல் பத்து நிமிடம் வாசிப்பதற்கு மட்டும், யாரும் பேனாவைத் தொடக்கூடாது. ஒரு பிள்ளை வரவில்லை, அந்தத் தாள் என் மேசைமேல் கிடந்தது. எடுத்தேன். மகிழன் கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அது எப்படி முடியும், என் கண் வேறு, நான் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, சொல்லைத்தான் பார்க்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் எழுத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற தெருவைப் பார்ப்பது மாதிரி. அவனுக்குக் கண்ணாடிதான் தெரியும், அதன் கீறலும் தூசியும். ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். ரகரத்துக்குக் கீழே ஒரு சின்ன இழுப்பு இருக்க வேண்டும், அது இருந்தால் ர, இல்லாவிட்டால் வெறும் கால். இந்த எழுத்தில் இழுப்பு நகக்கீறல் அளவுதான் இருந்தது. புள்ளிகள் மயிர்நுனி மாதிரி, பல் என்பது பல ஆகிவிட்டது. பதினாறாவது கேள்வியில் சிக்கிக்கொண்டேன். குறில் நெடில் வேறுபாடு தெரியுமாறு இரு சொற்களையும் ஒரே தொடரில் அமைக்க: கொடு, கோடு. அவ்வளவுதான் கேள்வி. ஒற்றைக்கொம்பு போட்டால் கொடு, இரட்டைக்கொம்பு போட்டால் கோடு. வித்தியாசம் கொம்பின் தலையில் இருக்கிற சின்னச் சுழி, அதில் மை அடைத்துப் போயிருந்தது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு கொடு, கோடு என்றுதான் தெரிகிறது, ஏனென்றால் அது கொடு, கோடு என்று எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒருவன் பார்த்தால் கொடு, கொடு. ஒரே சொல்லை இரண்டு தடவை அச்சடித்து இதில் என்ன வேறுபாடு என்று கேட்கிறார்கள். அவன் என்ன செய்வான், தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவான், எப்போதும் அவன் தன்னைத்தான் சந்தேகப்படுவான்.

மூன்றாம் வகுப்பில் அவன் வாசிக்கவில்லை. எழுத்து தெரியாமல் இல்லை, தனித்தனியாகக் கேட்டால் அத்தனையும் சொல்வான், சேர்த்து வாசி என்றால் மேலுதட்டில் வியர்த்துவிடும். கவனமில்லை, சோம்பல் என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். நானும் டீச்சர்தானே, நானும் அதை நம்பினேன். தொடையில் கிள்ளியிருக்கிறேன். கிள்ளினால் வாசிப்பான் என்று எந்தப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. அந்த வருடம்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன், விழாத பால்பல் ஒன்றைப் பிடுங்க. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. “செருப்பை வெளியே விடவும். பல் கூசினால் முன்பே சொல்லவும். குழந்தைகளை அதட்ட வேண்டாம்” என்று பக்கத்தில் ஒரு குரல் தடங்கலில்லாமல் வாசித்தது. திரும்பிப் பார்த்தால் இவன். நான் எழுந்து போய் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தேன். குண்டு குண்டான எழுத்து. புள்ளி மிளகு அளவு. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் தாராளமாக இடம். இன்னொரு தடவை வாசிடா என்றேன், வாசித்தான், சிரித்துக்கொண்டே வாசித்தான், ஆடுகிற பல்லோடு. “இது யார் அடிச்சது?” என்று கம்பவுண்டரிடம் கேட்டேன். “பஸ் ஸ்டாண்டு எதிர்ல கம்ப்யூட்டர் சென்டர். ஏம்மா, எதுவும் தப்பா இருக்கா?” என்றார். அந்தக் கடைக்காரருக்கும் அதன் பெயர் தெரியவில்லை, குண்டு எழுத்து என்று சொல்லிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ஏழு வருடம். அவன் பாடம் எல்லாவற்றையும் குண்டு எழுத்தில் நான் அடித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து நாலரைக்கு வருவேன், காபி குடித்துவிட்டு உட்காருவேன். தமிழ், அறிவியல், சமூக அறிவியல், கதை, செய்யுள், படத்துக்குக் கீழே இருக்கிற ஒரு வரி விளக்கம்வரை. அந்த எழுத்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் மாதிரி இருக்கும். இப்போது கையில் இருக்கிற எழுத்து, கவுன்டருக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொல்கிற ஆள். சொல்லுகிற விஷயம் ஒன்றுதான், ஆனால் ஒருவரிடம் திரும்பக் கேட்கலாம், இன்னொருவரிடம் கேட்க முடியாது.

மணி அடித்தது, எழுதத் தொடங்கினார்கள். பத்தொன்பது பேனாக்கள். அவன் படித்தது சின்ன தனியார் பள்ளி, கம்ப்யூட்டர் டீச்சர் ஜெசிந்தா எனக்குத் தோழி. பள்ளித் தேர்வுத் தாள் ஒவ்வொன்றிலும் அவனுக்கு மட்டும் ஒரு காப்பி குண்டு எழுத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதனால் அவன் எல்லாவற்றிலும் பாஸ், அறுபது, அறுபத்தைந்து, ஒருமுறை எழுபத்திரண்டு. யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் என் திட்டமே, இப்போது சொன்னால் என்ன. எட்டாம் வகுப்பில் மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். இரண்டு மணி நேரம் அவனோடு பேசினார். “வாசிப்புலதான் சிரமம், அறிவுல ஒண்ணும் இல்லம்மா, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். சான்றிதழுக்கு எழுதித் தருகிறேன், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தருவார்கள், கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் தருவார்கள் என்றார். நாலு பக்கத்தில் அறிக்கை வந்தது. இங்கிலீஷில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்து. அதில் அவன் பெயரைப் பார்த்தேன். காணாமல் போன யாரோ ஒரு பையனைப் பற்றி விசாரித்து எழுதினது மாதிரி இருந்தது. அந்த எழுத்து என்னை அப்படி நினைக்க வைத்ததா, இல்லை நான்தான் எழுத்தின் மேல் பழி போடுகிறேனா. அறிக்கையை மடித்துப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அவன் அப்பா சௌந்தரபாண்டி மின்வாரியத்தில் லைன்மேன், அதிகம் பேசாதவர், அவரே சொன்னார். “சான்றிதழ வாங்கிருவோம் பொற்கொடி. இதுல என்ன இருக்கு?” “ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.” “பேசிட்டுப் போகட்டுமே.” “நான் வாசிக்க வைக்கிறேங்க. வச்சுட்டேன்ல?” கம்பத்தில் ஏறி நிற்கிற மனிதர், கீழே இறங்கினால் யாரோடும் வாதாட மாட்டார். வாதாடியிருக்கலாம். ஒரே ஒரு தடவை என்னை அதட்டியிருக்கலாம். நான் வாசிக்க வைத்தேனா, இல்லையே, ஒரே ஒரு எழுத்தை வாசிக்க வைத்தேன். ஒரே ஒரு தெருவில் நடக்கப் பழக்கிவிட்டு ஊரெல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். போன மாதம்தான் பழைய வினாத்தாள்களை அப்படியே கொடுத்துப் பார்த்தேன். வரிக்கடியில் ஸ்கேல் வைத்து, முக்கி முனகி, முடித்துவிட்டான். முடியுதும்மா என்றான். அந்த எழுத்தில் முடிந்தது.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு, முகப்புத்தாளில் ரெஜினா என்று கையெழுத்துப் போட்டிருந்தவள். தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். ஒரு வரிக்கு அடியில் விரல் வைத்திருந்தாள். விரல் நகரவில்லை. ஒரு சுற்று வந்தேன், நகரவில்லை. இன்னொரு சுற்று, மேலுதட்டில் வியர்வை. கேள்வியை வாசித்துக் காட்டக்கூடாது, விளக்கக்கூடாது, நேற்று கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னார்கள். ஆனால் நான் இந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினால், அங்கே ஒருவர் அவனுக்கு வாசித்துக் காட்டுவார் என்று ஒரு எண்ணம் வந்தது. கணக்கு டீச்சர் போடுகிற கணக்கா இது. இந்தப் பக்கம் ஒன்றைக் கூட்டினால் அந்தப் பக்கம் எப்படிக் கூடும். கூடும் கூடும் என்றது மனசு, செய், செய்துவிடு, வராண்டாவில் ஆள் இல்லை. குனிந்தேன். அவள் விரல் இருந்த வரியை மெதுவாக வாசித்தேன், “பத்தியைப் படித்து, அதன் மையக்கருத்தை…” அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “டீச்சர்?” “எழுத்து தெரியலையாம்மா? நான் வாசிக்கிறேன், நீ…” “எனக்கு வாசிக்கத் தெரியும் டீச்சர்” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள், “யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.” பின்பெஞ்சுப் பையன் பேனாவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். இன்னும் மூன்று நான்கு பேர் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. படிக்கத் தெரியாத பெண் என்று ஒரு ஹால் முழுக்கக் கேட்கும்படி செய்துவிட்டேன். ஸாரிம்மா என்றேன், அது வாயிலிருந்து வெளியே வந்ததா என்று தெரியவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து நின்றேன். இதைத்தான் நான் பயந்தேன், இப்படி ஒரு வகுப்பு திரும்பிப் பார்ப்பதை, என் மகனுக்கு நடக்கக்கூடாது என்று. யாரோ பெற்ற பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் நானே நடத்தி வைத்துவிட்டேன்.

தேர்வை மேற்பார்க்கிற துறை அலுவலர் உள்ளே வந்தார். வயதான மனிதர், வேறு ஊர்த் தலைமை ஆசிரியர். “ஏதும் பிரச்சினையா டீச்சர்?” “ஒண்ணும் இல்ல சார்.” ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பும்போது என்னால் முடியவில்லை. “சார், இந்த எழுத்து… ரொம்ப ஒல்லியா இல்ல? பசங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?” அவர் தாளை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். “நமக்கு வயசாகுது டீச்சர். பசங்க கண்ணுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல.” “சில பசங்களுக்கு…” “ஏன், யாரும் கேட்டாங்களா?” “இல்ல சார், யாரும் கேக்கல.” “அப்புறம் என்ன” என்று சிரித்தார், நல்ல மனிதர்தான், “தண்ணி குடிங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு.” யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். எழுத்து தெரியவில்லை என்று யாராவது எழுந்து நின்று சொல்வார்களா, சொன்னால் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம். இந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று யோசித்தேன். ஒரு அறையில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால், யாரோ ஒருவர். ஒருவேளை என்னைப் போல ஒரு அம்மா. கேள்விகள் எட்டுப் பக்கத்துக்குள் அடங்கவில்லை, அடங்குகிற எழுத்தாக ஒன்றை எடுத்திருப்பாள், அடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பாள். ஒரு விரல், ஒரு சொடுக்கு. அவள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. கோபம் வந்திருந்தால் இந்த நேரத்தைக் கொஞ்சம் கடத்தியிருக்கலாம்.

பன்னிரண்டேகால். வெயில் ஜன்னல் கம்பிகளை என் மேசைமேல் கோடு கோடாகப் போட்டது. கோடு, கொடு. அவன் இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பான். முதல் பக்கத்திலேயே இருப்பானோ. பயந்தால் அவன் முதல் வரிக்கே திரும்பத் திரும்பப் போவான், படிக்கட்டில் தடுக்கினவன் மறுபடி கீழேயிருந்து ஏறுவது மாதிரி. எழுந்து நின்று கேட்பானா, மாட்டான், கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளையாகத்தான் நான் வளர்த்திருக்கிறேன், வெளியே சொல்லாதே சொல்லாதே என்றே வளர்த்தேன். ஓடிப்போய்விட்டால் என்ன. கேட்டைத் தாண்டி, பஸ் பிடித்து, அந்த ஹாலின் ஜன்னலில் நின்று, மகிழா இது கோடு என்று சொல்லிவிட்டால். ஒரே ஒரு சொல். சஸ்பென்ட் செய்வார்கள், செய்யட்டும், பேப்பரில் போடுவார்கள், போடட்டும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நான் ஒரு பையனுக்குக் கூடுதல் தாள் கொடுத்து, எண்ணைக் குறித்து, நூல் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். கால் நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. ரெஜினா வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள், என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அந்தப் பட்டுப்புடவைகள், அந்த நாலு பக்கம், அதில் ஒரு கையெழுத்துப் போட்டு ஒரு நாள் மதுரைக்குப் போய்வந்திருந்தால், இப்போது அவன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, அடுத்த கேள்வி தம்பி, கொடு, கோடு, என்று வாசித்துக்கொண்டிருப்பார். தண்ணீர் குடித்தேன். ஒன்றே காலுக்கு மணி அடித்தது.

விடைத்தாள்களை எண்ணிக் கட்டி ஒப்படைத்துவிட்டுப் போனை வாங்கும்போது ஒன்றே முக்கால். மகிழன் அப்பாவுக்கு அடித்தேன். “வந்துட்டானா?” “வந்துட்டான். வீட்டுக்கு வந்துட்டோம். சாப்பிடுறான்.” “என்ன சொன்னான்?” தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. “என்னங்க, என்ன சொன்னான்?” “நீ வா, பொற்கொடி.” பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் கடைப் பலகைகள், எல்லா எழுத்தும் ஒவ்வொரு மாதிரி, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அவன் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். வினாத்தாள் மேசைமேல் நீவி வைத்திருந்தது. ஓரங்கள் ஈரத்தில் சுருங்கியிருந்தன, கை வியர்த்திருக்கிறது. “பாதிக்கு மேல எழுதிட்டேன்மா” என்றான், நான் கேட்பதற்கு முன்பே. “முப்பத்தஞ்சு வந்துரும்னு நினைக்கிறேன். வரலைன்னாலும்…” நிறுத்தினான். “அந்தப் பெரிய பத்தி வாசிக்கவே முடியல. எழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எந்திரிச்சு சார்கிட்ட கேட்டேன்.” “கேட்டியா? நீயா?” “எனக்கு வாசிக்கிறதுல பிரச்சினை இருக்கு சார், வாசிச்சுக் காட்டுறீங்களான்னு கேட்டேன். எல்லாரும் பாத்தாங்க. ரூல்ஸ் இல்லப்பான்னாரு. அவரு என்னம்மா பண்ணுவாரு, பாவம், ரெண்டு தடவ எங்கிட்டயே வந்து வந்து நின்னாரு.” நான் அவன் தலையில் கை வைத்தேன். வாசலில் அவன் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அறிக்கையை இப்போது எடுத்துக்கொண்டு ஓடினால் ஏதாவது நடக்குமா என்று அவரைக் கேட்டேன். “இவன் வெளிய வந்ததும் பேப்பரப் பாத்துட்டு உடனே கல்வி ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்” என்றார் திரும்பாமலே. “தேர்வுக்கு முன்னாடியே வாங்கியிருக்கணுமாம். இனி அடுத்த தடவைக்குத்தானாம்.” அடுத்த தடவை என்ற சொல் வீட்டுக்குள் நின்றது.

“ம்மா, இங்கிலீஷ் பரவால்ல, சமாளிச்சுருவேன். சமூக அறிவியல்தான் பயமா இருக்கு” என்றான் மகிழன். “அதுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. நீ அடிச்சு வச்சிருக்கேல்ல, அத இந்த எழுத்துக்கு மாத்திக் குடு.” “எந்த எழுத்துக்கு?” வினாத்தாளைக் காட்டினான். “குண்டு எழுத்து வேணாம்மா. இதுல குடு. இதுலயே வாசிச்சுப் பழகுறேன்.” நான் உட்கார்ந்தேன். பத்து அத்தியாயங்கள், ஏழு வருடமாக நான் இடம்விட்டு இடம்விட்டு அடித்த பழக்கத்தில் அடித்தவை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன், கருநீலமாகியது. பட்டியலில் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றினேன், இது இல்ல, இது இல்ல என்றான், தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டே. ஒன்றில் நிறுத்தச் சொன்னான். இதுதாம்மா, கிட்டத்தட்ட. பிறகு இடைவெளியைக் குறைத்தேன். புள்ளிகள் மறைந்தன. சுழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. முதல் வரியை வாசிக்க முயன்றான், மேலுதட்டில் வியர்த்தது, நின்றான், முதலிலிருந்து தொடங்கினான், மறுபடி நின்றான். “இவ்வளவு போதும்டா” என்றேன். “இன்னும் கொஞ்சம் நெருக்கும்மா” என்றான். “அதுல இன்னும் நெருக்கமா இருக்கு.”

நெருக்கினேன்.